இன்னொரு ஆள் வேண்டாத டிராக்டர்

பின்னக்கா என்று அவளுக்குப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். டிராக்டரில் கலப்பையையோ மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரையோ மாட்டிய பிறகு, அது கழன்று விழாமல் கடைசியாகச் செருகும் இரும்புக் கொக்கிக்குப் பட்டறையில் ‘பின்’ என்று பெயர். அது எப்போதும் அவளுடைய சட்டைப் பையில்தான் இருக்கும். இன்னொரு காரணம், இருபத்தாறு வருஷமாக அவள் நின்ற இடம். முன்னால் ஓட்டுகிற இருக்கையில் வீட்டுக்காரர், பின்னால் இவள். எது நிஜம் என்று யாராவது கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதானே” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஒன்றே முக்கால் ஏக்கர் நிலம். பதினான்கு வரிசை எலுமிச்சை. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் மண்ணைக் கிளறிவிடாவிட்டால் களை மரத்தின் இடுப்பு வரைக்கும் ஏறிவிடும். வீட்டுக்காரர் வண்டியைப் பின்னுக்கு எடுப்பார். கொட்டகையில் நிற்கும் ரோட்டவேட்டர் பக்கத்தில் இவள் குனிந்து நின்று, “வா… வா… போதும்” என்பாள். அந்தப் ‘போதும்’ காதில் விழுந்த இடத்தில் வண்டி நிற்கும். ஒரு அங்குலம் இப்படி அப்படிப் போகாது. டிராக்டரின் இரண்டு கீழ்க் கைகளையும் ரோட்டவேட்டரில் கோத்து, பின்னைச் செருகி, தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்வாள். வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சே குறைவு. பேசியதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அதில் பாதி இந்த மூன்று வார்த்தையாகத்தான் இருக்கும்.

போன வருஷம், மழைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, செருப்பை மாட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பழைய டிராக்டர் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. பெரிய வண்டி. இருக்கையில் உட்கார்ந்தால் அவளுக்குக் கிளட்சு எட்டாது. அதனால் கொழுந்தனார் தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அண்ணியின் நிலத்தையும் நானே உழுது தருகிறேன் என்றார், உழுதும் தந்தார். ஆனால் கூப்பிட்டுப் பதினோரு நாள் கழித்துத்தான் வந்தார். அவருக்கும் பன்னிரண்டு ஏக்கர் இருக்கிறதே. அதற்குள் களை விதை கொட்டி முடித்திருந்தது.

இந்த வருஷம் அவர் கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, நிலத்தைக் குத்தகைக்குத் தந்துவிடுங்கள் என்றார். மகளிடமும் பேசிவிட்டதாகச் சொன்னார். மகள் ஏழு மணி நேரப் பேருந்துத் தொலைவில், ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளும் சித்தப்பா சொல்வது சரி என்றுதான் சொன்னாளாம்.

நானே ஒரு சின்ன டிராக்டர் வாங்கி உழுதுகொள்கிறேன் என்றாள் பின்னக்கா. பழைய வண்டியில் அண்ணனுடைய பங்குக்கு அவர் பணம் கொடுத்திருந்தார், அது போதும். கொழுந்தனார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை என்றிருக்கும்.

“ஓட்டுறது பெரிய விஷயம் இல்ல அண்ணி. ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் மாட்டணும். ரெண்டு பேர் வேலை இது. உங்க ஒருத்தரால முடிஞ்சா நிலத்தை நீங்களே வெச்சுக்கங்க, நான் வாயே திறக்கமாட்டேன். முடியலன்னா மழைக்கு முன்னாடி எனக்குச் சொல்லிடுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. மழைக்கு ஐந்து வாரம் இருந்தது.

பின்னக்காவுக்கு வேலை எடைமேடையில். நெடுஞ்சாலை ஓரமாக லாரிகளை நிறுத்தி எடை போடும் இடம். ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய அறை, ஒரு சின்னச் சன்னல். சன்னலுக்கு வெளியே லாரிக்காரர்கள் கையை நீட்டுவார்கள், இவள் சீட்டைக் கொடுப்பாள். ஒரு நாளைக்கு அறுபது கை வரும். கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். முகம் பார்த்ததில்லை. மதியம் இரண்டு மணிக்கு அறையைப் பூட்டிவிட்டு, டிராக்டர் கடைகளுக்குப் பேருந்து பிடித்தாள். கைப்பையில் ஒரு கயிறு இருந்தது. இரண்டு வரிசைக்கு நடுவே கிளைகளை உரசாமல் போகக்கூடிய அகலத்துக்கு அதில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

முதல் கடையில் குளிரூட்டி ஓடியது. டை கட்டிய விற்பனையாளர் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அவள் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தார்.

“சார் வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?”

“சார் வரமாட்டார். நீங்க சொல்லுங்க.”

அவர் குதிரைத்திறன் பற்றிச் சொன்னார். டீசல் எவ்வளவு குடிக்கும் என்று சொன்னார். பாட்டுக் கேட்க வசதி இருக்கிறது என்றார். அவள் கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள், அகலம் சரியாக இருந்தது. பிறகு வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்துகொண்டாள். கடையில் எல்லோரும் முன்பக்கம் நின்று விலை பேசுகிறார்கள், இவள் மட்டும் பின்னால் குந்தி உட்கார்ந்து இரும்புக் கைகளை ஆட்டிப் பார்க்கிறாள். ஒரே ஆள் ரோட்டவேட்டரை மாட்ட முடியுமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் டிரைவர் பார்த்துக்கொள்வார் மேடம் என்று பதில் வந்தது. டிரைவர் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தவள், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாவது கடைக்காரர் நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். அதே கேள்விக்கு அவர் கையை விரித்தார்.

“யாராவது இருப்பாங்கல்லக்கா. ரெண்டு நிமிஷம் வந்து புடிக்க ஒரு ஆள் கூடவா இல்லாம போயிடும்?”

அவர் சிரித்தார். இவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள்.

பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. யாராவது இருப்பாங்கல்ல என்பதை அவள் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். சும்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கிழக்கு வீட்டில் இருக்கும் தம்பதி, ஷிப்டு வேலை. விளக்கு எரிவதை வைத்துத்தான் அவர்கள் ஊரில் இருக்கிறார்களா என்று தெரியும். மேற்கு வீடு மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. சிலிண்டர் போடுகிறவர் மாதத்துக்கு ஒரு முறை வருவார், கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டு மணி அடிப்பார். எடைமேடையின் அறுபது கைகளில் ஒரு கையைக்கூட வீட்டுக்குக் கூப்பிடும் பழக்கம் இல்லை. மகள் ஏழு மணி நேரம். கடைசியில் மிஞ்சியது கொழுந்தனார். ஒரு கை விரல்களே முடியவில்லை, அதற்குள் ஆட்கள் முடிந்துவிட்டார்கள். அவள் விரல்களை மடக்கிக் கைப்பையின் மேல் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் தூங்கித் தூங்கி இவள் தோளில் சாய்ந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் பின்னக்கா எழுந்திருக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தாள்.

மூன்றாவது இடத்தைக் கடை என்று சொல்ல முடியாது. முள்கம்பி போட்ட ஒரு முற்றம், தகரக் கூரை, அதற்குக் கீழே எட்டுப் பத்துச் சின்ன டிராக்டர்கள். விற்பவரும் பழுது பார்ப்பவரும் ஒரே ஆள். முப்பது வயது இருக்கும். எல்லோரும் கிரீஸ் என்று கூப்பிட்டார்கள். அவரிடமும் அதையே கேட்டாள்.

கிரீஸ் தலையைச் சொறிந்தார். ஒரே ஆளால் முடியுமா என்று தன்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, தெரியாமல் தெரியும் என்று சொல்லக் கூடாது என்றார். உள்ளே போய் நாலைந்து கையேடுகளைத் தூசி தட்டி எடுத்து வந்து, நின்றபடியே புரட்டினார். பிறகு மூலையில் நின்ற ஒரு குட்டை வண்டியைக் காட்டினார். பார்க்க லட்சணமாக இல்லை. கூரை இல்லை, இருக்கை பலகை மாதிரி. ஆனால் பின்பக்க மட்கார்டில் ஒரு கைப்பிடி இருந்தது. தரையில் நின்றபடியே அதை இழுத்தால் கீழ்க் கைகள் ஏறி இறங்கின. அந்தக் கைகளின் நுனி ஒரு சாண் வெளியே நீண்டு வந்தது. கோத்துவிட்டு வண்டியை லேசாகப் பின்னுக்கு எடுத்தால் நுனி தானாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும்.

பின்னக்கா அந்த நுனியை இழுத்து இழுத்துப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் ஒரு அங்குலத்துக்காக முதுகை ஒடித்தவளுக்கு, ஒரு சாண் என்பது பெரிய வயல் மாதிரி.

ஏறி உட்காரச் சொன்னார். கிளட்சு எட்டியது. முற்றத்தில் ஒரு ரோட்டவேட்டரை நிறுத்திவிட்டு, பின்னுக்கு எடுத்து வரச் சொன்னார். அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி எடுத்தாள். நேராகத்தான் வந்தாள். ஆனால் நிறுத்தவில்லை. ணங் என்று இரும்பில் இரும்பு மோதியது.

எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. குரலுக்காகக் காத்திருந்தாள். அவ்வளவு வருஷமும் பழைய வண்டி ஒரு குரலில்தான் நின்றிருக்கிறது. அது தன்னுடைய குரல்தான் என்பது, மோதி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“என்னக்கா, பிரேக் போட யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?” என்றார் கிரீஸ்.

அவள் வண்டியை முன்னால் நகர்த்தினாள். மறுபடியும் பின்னுக்கு எடுத்தாள். இந்த முறை, “வா… வா… போதும்” என்றாள். தன் வாயாலேயே, தனக்கே. கால் கேட்டுக்கொண்டது. கிரீஸ் அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். அவள் இறங்கிப் போய், கைப்பிடியை இழுத்து, இரண்டு கைகளையும் கோத்து, நடுவில் இருக்கும் மேல் கம்பியை மாட்டி, பின்னைச் செருகினாள். வேறு யாரும் தொடவில்லை. நிமிர்ந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வந்தது. பின்னை இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள்.

பக்கத்திலேயே சிவப்பு வண்டி ஒன்று நின்றது. கூரையும் மெத்தை இருக்கையும் இருந்தன. இழுவையும் அதிகம். அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார் கிரீஸ். அதில் நுனி நீளாது.

“இது இழுவை கம்மிக்கா. நாலு வருஷம் கழிச்சு என்னைத் திட்டக் கூடாது.”

“திட்ட ஆள் இல்லாம போனா உங்களுக்கு போன் பண்றேன்” என்று சொல்லிவிட்டு, குட்டை வண்டிக்கே முன்பணம் கட்டினாள்.

வண்டி ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது. சனிக்கிழமை காலையில் கொழுந்தனார் மோட்டார் சைக்கிளில் வந்தார். பேன்ட்டின் பின்பையில் கையுறை தெரிந்தது. பார்க்க வந்தேன் என்றார். உதவத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இன்று அவர் கை பட்டால் குத்தகைக்குச் சரி சொன்னது மாதிரிதான் என்பதும் தெரியும்.

கிரீஸின் முற்றம் சமதரை. இவளுடைய கொட்டகைத் தரை வலப்பக்கம் சரிவு. ரோட்டவேட்டர் ஒருக்களித்து நின்றது. முதல் தடவை டிராக்டரின் இடது கை கோத்துக்கொண்டது, வலது கை அரையடி மேலே நின்றது. கழற்றி மறுபடியும் எடுத்தாள். மூன்றாவது முறை வலது கிடைத்தது, இடது போயிற்று. ஏறி இறங்கி ஏறி இறங்கி முழங்கால் விண்விண் என்றது. ஆறாவது முறை இறங்கும்போது பிடி வழுக்கி ரோட்டவேட்டர் மேலேயே கையை ஊன்றினாள். கொழுந்தனார் கையுறையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் ஒரு அடி வைத்தார்.

“அங்கயே நில்லுங்க தம்பி.”

“அண்ணி, ஒரே ஒரு தள்ளு. அவ்வளவுதான்.”

“தெரியும். நில்லுங்க.”

அவர் நின்றார். அவள் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வலது கைக்கு மேலே, அதன் உயரத்தை மாற்றும் திருகு ஒன்று இருந்தது. பழைய வண்டியிலும் இருந்ததுதான், ஆனால் அதைத் திருக வேண்டிய அவசியமே வந்ததில்லை. தரை எப்படிச் சரிந்திருந்தாலும் வீட்டுக்காரர் அதற்கேற்ற கோணத்தில் வண்டியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். இத்தனை வருஷமும் பாதி வேலையை முன்னால் இருந்தவர் சத்தமில்லாமல் செய்திருக்கிறார் என்பதை, தரையில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் புரிந்துகொண்டாள். இனி அவரிடம் அதைச் சொல்ல முடியாது.

எழுந்து திருகைச் சுற்றினாள். இருபது சுற்று. வலது கை கீழே வந்தது. கடப்பாரையை ரோட்டவேட்டருக்கு அடியில் கொடுத்து, ஒரு விரல்கடை நகர்த்தினாள். இடது கோத்தது. வலதும் கோத்தது. பின்னைச் செருகித் தட்டிப் பார்த்தாள்.

கொழுந்தனார் கையுறையைக் கழற்றினார். அதை மடித்துப் பின்பையில் செருகினார்.

“சரி அண்ணி. நான் சொன்ன சொல் சொன்னதுதான். நிலம் உங்களுது.”

டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். வீட்டில் வேலை கிடக்கிறது என்றார். பொய் இல்லை, அவருக்கு எப்போதும் வேலை கிடக்கும். ஆனால் இவ்வளவு நாள் அவர் இந்தக் கேட்டுக்குள் வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. அது இப்போது இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்ததால், இருவரும் மோட்டார் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியத்துக்குள் பத்து வரிசை முடிந்தது. வண்டி கிளைகளுக்கு நடுவே உரசாமல் போனது. மண் கறுப்பாகப் புரண்டது. எஞ்சினை அணைத்துவிட்டு மரநிழலில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தாள். மகள் முதலில் நம்பவில்லை. யார் மாட்டிக் கொடுத்தார்கள் என்று கேட்டாள். நான்தான் என்றதும், அடி தூள் என்றாள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். அவள் குரலில் அது தெரிந்தது. பிறகு அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, இரு என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்தாள்.

“அம்மா, குத்தகைப் பேப்பர்ல கையெழுத்துப் போட வரணும்னு சித்தப்பா சொன்னாருன்னு அடுத்த வாரம் மூணு நாள் லீவு போட்டு வெச்சிருந்தேன். அப்ப அத கேன்சல் பண்ணிடவா?”

பின்னக்கா உழுத வரிசைகளைப் பார்த்தாள்.

“பேப்பர் ஒண்ணும் இல்ல. சும்மா வர்றதுன்னா வா.”

“பாக்கறேன்மா. இங்க ஆள் கம்மி.”

“சரி, பாத்துக்க.”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். இன்னும் நாலு வரிசை பாக்கி இருந்தது. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்ததால், தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறி உட்கார்ந்தாள்.