கருப்பு நாற்பத்தெட்டு

பட்டிவாசல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி, காய்ந்த தயிர் உருண்டை ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, துமார் ஆடுகளை உள்ளே விடுகிறாள். வயது பத்து. அவள் அப்பா அசில்பெக் எதிரே நின்று மும்மூன்றாக மொத்தத்தையும் எண்ணுவார். இவளோ, யாரும் கேட்காமலேயே, கருப்பை மட்டும் எண்ணுவாள். கை கட்டையில் இருப்பதால் விரல்விட்டு எண்ண வழியில்லை. எல்லாம் தலைக்குள்ளேயே நடக்கவேண்டும்.

சோன்கோல் ஏரிக்கரையில் எங்கள் கூடாரமும் அவர்களுடையதும் அடுத்தடுத்து. பால் கறக்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது. "எழுபத்திமூணு" என்பேன். அது நூறாக இன்னும் எவ்வளவு வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். "இதெல்லாம் ஒரு கேள்வியா அத்தை, பெருசா ஏதாவது கேளு" என்று ஏளனம் வேறு. கொஞ்சம் திமிர் பிடித்தவள்தான். எனக்கு அது பிடிக்கும்.

போன வாரம் ஒரு சாயங்காலம், கணவாயில் பனிமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அசில்பெக் எண்ணியதில் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. காலையில் மேய்ச்சலுக்குப் போனதும் அதே எண்ணிக்கைதான். வாசலை மூடச் சொல்லிவிட்டுக் புளித்த குதிரைப்பாலான குமிஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். துமார் மூடவில்லை. கருப்பு நாற்பத்தெட்டு வந்ததாம். அவர்களிடம் இருப்பதோ நாற்பத்தேழு, மற்றதெல்லாம் வெள்ளை.

"மொத்தம் சரியாத்தானே இருக்கு, அப்புறம் என்னடி?" என்றார்.

"அதாம்பா தப்பு. இருநூத்திப் பன்னெண்டுல அம்பதைக் கழி, ரெண்டைக் கூட்டு. வெள்ளை நூத்தி அறுபத்தஞ்சு இருக்கணும், நூத்தி அறுபத்தி நாலுதான் வந்திருக்கு. ஒண்ணு மலைமேல நிக்குது."

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது, பாவம்.

"ஓநாய் காலைவரைக்கும் காத்திருக்குமா?"

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, பட்டிக்குள் புகுந்து ஒவ்வொரு கருப்பாட்டின் காதையும் புரட்டிப் பார்த்தார். அவர்கள் அடையாளத்துக்குப் பூசும் சாயம் நீலம். ஒன்றின் காதில் மட்டும் சிவப்பு இருந்தது. அது என் ஆடு. அதைக் காணோம் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தால், துமார் அப்பாவின் குதிரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. அசில்பெக் வேகமாக நடந்தார். இறக்கிவிட்டு இரண்டு திட்டு திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ சேணத்து வாரை இரண்டு பக்கமும் சுருக்கிக் கட்டி, கால் வைக்கும் அங்கவடியை அவளுக்கு எட்டவைத்தார்.