கை நனைக்காத விருந்தாளிகள்

நான் சிலோன் பார்த்தவள் என்று சொன்னால் இன்றைக்கும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "அம்மாடி, அந்தக் காலத்திலேயேவா? பெரிய இடம் போல!" என்பார்கள். பெரிய இடமாவது, மண்ணாங்கட்டியாவது! மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் போகிற வழியில், ஒரே குழாய்க்கு ஆறு குடித்தனம் குடுமிப்பிடி சண்டை போடும் வரிசை வீட்டில் ஒரு போர்ஷன் எங்களுடையது. நைனா டிராம் வண்டியில் கண்டக்டர். என் அப்பாவைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்பா நைனாதான். யுத்தம் முடிந்த கையோடு, ரொம்ப நாளாக இழுத்தடித்த பஞ்சப்படி பாக்கி அவருக்கு மொத்தமாக வந்தது. நைனா, அம்மா, நான் மூன்று பேரும் மூன்றாம் வகுப்பில் கொழும்புக்குப் போய்வர அது சரியாக இருந்தது. வாய்க்கும் வயிற்றுக்கும் அதில் ஒன்றும் மிச்சமில்லை.

கொழும்பில் இருந்தது என் அக்கா. அவள் புருஷனுக்கு அங்கே ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு வேலை. கல்யாணம் ஆகிப் போன சில மாதத்தில் யுத்தம் வந்துவிட்டது. பிறகு கடலைத் தாண்ட யாருக்குத் துணிச்சல்? அந்த வருஷங்களில் அவளுக்கு இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்காமல் போயின. இரண்டு தடவையும் பக்கத்தில் பெற்றவள் இல்லை. அம்மா அதை நினைத்து நினைத்து, சமைத்துக்கொண்டிருக்கும்போதே அழுவாள். "ஒரு தபா அவ மூஞ்சிய பாத்துட்டா போதும்டி, அப்பால செத்தாலும் தாவல" என்பாள்.

போகத்தானே பணம் வந்துவிட்டது, போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில், அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கும்வரை பெற்றவர்கள் கை நனைக்கக் கூடாது என்று எங்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம், படுத்துத் தூங்கலாம். அவள் போட்ட சோற்றை மட்டும் தொடக் கூடாது. பெண்ணைத் தேனாம்பேட்டையில் கொடுத்தவனுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. காலையில் போய்ப் பார்த்துவிட்டுப் பசிக்கிறதற்குள் வீடு திரும்பிவிடலாம். கடல் தாண்டிக் கொடுத்தவன் என்ன செய்வான்? ஒரு வாரம் பட்டினி கிடப்பானா?

எதிர்வீட்டுப் பாயம்மாவின் தம்பி கொழும்பில் கடை வைத்திருந்தார். அதனால் அந்த ஊர் விஷயத்தில் பாயம்மா சொன்னதுதான் எங்களுக்குச் சட்டம். "அது தொரைமாருங்க ஊரும்மா. எல்லாமே யானை வெல. மூணு வேளையும் ஓட்டல்ல துன்னா உங்க வீட்டுக்காரரு டிராம வித்தாலும் பத்தாது" என்றார். "அரிசி கிரிசி எடுத்துக்கினு போயிடாத. ரேஷன் ஆபீசர் பாத்தான், மூட்டையோட புடுங்கிக்குவான்."

அம்மா யோசித்தாள். எல்லோர் ரேஷனிலிருந்தும் பிடி பிடியாக மிச்சம் பிடித்த அரிசியை வறுத்து, இடித்து, வெல்லம் சேர்த்துப் பொரிமாவாக்கினாள். குப்பத்துக்காரி ஒருத்தியிடம் நெத்திலிக் கருவாடு வாங்கி மொறுமொறுவென்று வறுத்தாள். வேர்க்கடலை உருண்டை பிடித்தாள். இத்தனையும் சேர்ந்தால் இரண்டு பேர் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கலாம். இரண்டு பேர் என்றது நைனாவையும் அம்மாவையும். வழக்கம் பெற்றவர்களுக்குத்தான், தங்கச்சிக்கு இல்லை. இருந்தாலும் மாவுக்கும் அரிசிச் சட்டம் உண்டோ என்று அம்மாவுக்கு உள்ளூரப் பயம். ஒருவரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் துணிப்பைகளில் கட்டி, படுக்கைச் சுருட்டுக்கு நடுவில், மெத்தைக்கும் ஜமக்காளத்துக்கும் இடையில் வைத்துச் சுருட்டிவிட்டாள். எழும்பூர் ஸ்டேஷனில் அந்தச் சுருட்டைத் தூக்கிய நைனா, "இன்னாடி இது, உள்ள யாராவது படுத்துக்கினு கீறாங்களா?" என்று கேட்டார். அம்மா காதில் விழாதமாதிரி முந்திக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

மூன்றாம் வகுப்பில் சிலோன் போகிறவர்களை அப்போது ராமேஸ்வரத்துக்கு முன்னால் மண்டபம் என்ற ஊரில் இறக்கிவிடுவார்கள். நோய் நொடி இல்லை என்று தெரிகிறவரை சில நாள் முகாமில்தான் வாசம். முதல் வகுப்புக்காரனுக்குக் காலராவே வராது போலிருக்கிறது, அவன் நேரே கப்பலுக்குப் போய்விடுவான். எங்களை வரிசையில் நிறுத்திக் கண்ணைப் பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், அம்மை குத்திய தழும்பைப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிப்பந்தி வந்து, துணிமணி, படுக்கை எல்லாம் கிருமி சாக ஆவிக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் படுக்கைச் சுருட்டைத் தூக்கினான்.

அம்மாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே! சொன்னால் ரேஷன் சட்டம், சொல்லாவிட்டால் ஆவி. வாயைத் திறந்தாள், மூடினாள். சுருட்டு உள்ளே போய்விட்டது.

திரும்பி வந்தபோது அது முன்பைவிட இரண்டு மடங்கு கனத்தது. பிரித்தோம். பொரிமாவும் வெல்லமும் வெந்து, உருகி, மெத்தையோடு மெத்தையாக ஒட்டிக்கொண்டிருந்தன. உலகத்திலேயே ஜமக்காளத்தில் கொழுக்கட்டை அவித்தவள் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். போதாததற்கு, கொழுக்கட்டைக்குப் பூரணமாக நெத்திலி! அந்த வாடையில் முகாமே எழுந்து உட்கார்ந்துகொண்டது.

நைனா மாவையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப இத்த நாங்க துன்றதா, இதுல படுக்கறதா? அத்த மட்டும் சொல்லிடு" என்றார்.

பக்கத்திலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மெத்தையைச் சுரண்டிக்கொண்டே, "இனிமே அந்தப் பொண்ணு வூட்டுல நாம இன்னா பண்றது?" என்று கேட்டாள். நைனாவும் உட்கார்ந்து மறு ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, அக்கரையில் ராத்திரி ரயில் பிடித்து, விடிந்ததும் கொழும்பில் இறங்கினோம். அக்காவை நான்தான் முதலில் பார்த்தேன். இளைத்திருந்தாள். ஆனால் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாளே ஒரு ஓட்டம், அதில் ஒரு குறையும் இல்லை. அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். அக்காவின் புருஷன், எனக்கு மாமா, படுக்கைச் சுருட்டைத் தூக்கித் தோளில் வைத்தார். மூக்கைச் சுளித்தார், ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கமான மனுஷன் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

செட்டியார் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் இரண்டு அறை அவர்களுடையது. அக்கா விடியும் முன்பே சமைத்து வைத்துவிட்டு வந்திருந்தாள். நண்டுக் குழம்பு, வறுத்த மீன், தேங்காய்ச் சம்பல். மூன்று இலை போட்டிருந்தாள். அவளுக்கா வழக்கம் தெரியாது? தெரியும். தெரிந்தும் போட்டிருந்தாள்.

நைனா இலையைப் பார்த்தார். "இங்கயும் ரேஷனாமே. உங்க பங்குல நாங்க கை வைக்கறதா? நாங்க வர்ற வழியிலயே நாஷ்டா பண்ணிட்டோம்மா" என்றார். அது பச்சைப் பொய். வழியில் நாங்கள் சாப்பிட்டது காற்று.

அக்கா இரண்டு இலையை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு என்னை உட்கார வைத்துப் பரிமாறினாள். பதினாறு வயசுப் பசி எனக்கு. அந்த நண்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு மடித்து வைத்த அந்த இரண்டு இலையைப் பார்க்காமல் தின்ன நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாட்கள் எல்லாம் அப்படியேதான். ஊர் என்னவோ சொர்க்கம். எங்கே பார்த்தாலும் பச்சை, மழை பெய்தால் ஐந்து நிமிஷத்தில் துடைத்து வைத்தமாதிரி வெயில். கடலோரத்துக் காலிமுகத் திடலில் காற்று வாங்க யாரும் காசு கேட்கவில்லை, அதனால் தினமும் அங்கே போனோம். பக்கத்துப் பெரிய ஓட்டலிலிருந்து வெண்ணெயும் இறைச்சியும் வறுபடுகிற வாசனை வரும். நைனா அந்தப் பக்கம் திரும்பி நின்று நன்றாக மூச்சு இழுப்பார். "ஷோக்கா கீது. இதுக்கும் பில்லு போடுவானோ?" என்பார். கடையில் ஒரு பாண் வாங்குவார். ரொட்டியை அங்கே பாண் என்பார்கள், டீயைத் தேத்தண்ணி என்பார்கள். அதை அம்மாவும் அவரும் பாதிப் பாதியாகப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்பார்கள். முதலில் வேளைக்கு ஒன்று. பிறகு நாளைக்கு ஒன்று. அம்மாவின் கண் குழி விழுந்துவிட்டது.

எனக்குக் கோபமான கோபம். ஒருநாள் திடலில் வைத்து, "மெய்யாலுமே கேக்கறேன் நைனா, அவ சோத்துல இன்னா வெஷமா கீது?" என்று கேட்டுவிட்டேன்.

"வாய மூடு. பெரியவங்க வச்சது" என்றார்.

"அவளுக்குக் கொயந்த பொறக்கலன்னு அவ வூட்டுலயே குந்திக்கினு தெனம் மூணு வேள சொல்லிக் காட்றீங்க. அதான் நீங்க பண்றது."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். நைனா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறை விழும் என்று நினைத்தேன், விழவில்லை.

அக்காவோ ஒவ்வொரு வேளையும் மூன்று இலை போட்டாள். ஒவ்வொரு வேளையும் இரண்டை மடித்தாள். மிஞ்சியதை மாமா கடைப் பையன்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்காவும் மாமாவும் எங்கள் முன்னால் முகம் சுளிக்கவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்கும். பிள்ளையைப் பறிகொடுத்தபோது வராத தாய் இப்போது வந்தும் அவள் வீட்டுச் சோற்றைத் தொடவில்லை என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? இப்படியே நாங்கள் கப்பலேறிவிட்டால் அவள் இனி எங்களை வா என்று கூப்பிடவே மாட்டாள் என்று நான் பயந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம். நைனாவும் அம்மாவும் வாசற்படியில் உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றிய பாணைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். உள்ளே முற்றத்துக் குழாயடியில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குடித்தனக்காரப் பெண்மணியின் குரல் கேட்டது.

"என்ன பிள்ளை, உங்கட அம்மாவும் அப்பாவும் கடையில பாண் வாங்கித் தின்னுறதை என்ட மகன் கண்டவனாம். வீட்டில சமைக்கிறேல்லையோ?"

பாணைப் பிரித்துக்கொண்டிருந்த நைனாவின் கை நின்றது. பாத்திரம் கழுவுகிற சத்தமும் நின்றது.

அக்கா சிரித்தாள். கேட்டால் நிஜச் சிரிப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். "என் கை காரக் கை, அக்கா. எங்க நைனா அந்தக் காரத்த தாங்க மாட்டாரு. எத்தினி தபா சொன்னாலும் எனக்கு அளவு வரமாட்டேங்குது. அவுங்க மேல தப்பு இல்ல, என் சமையல்தான் அப்படி" என்றாள்.

நைனா கையில் பாண் அப்படியே இருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பாணை மறுபடி காகிதத்தில் சுற்றி என் மடியில் போட்டுவிட்டு எழுந்தார். நேரே முற்றத்துக்குப் போய், அந்தப் பெண்மணி பார்க்கப் பார்க்கக் குழாயில் கை கழுவினார்.

"இன்னாம்மா பாத்துக்கினு கீற? எல போடு" என்றார் அக்காவிடம்.

அக்கா அசையவில்லை. "நைனா..." என்றாள்.

"பசிக்குதும்மா" என்றார் அவர். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "உனுக்குத் தனியா வெத்தல பாக்கு வைக்கணுமா? வந்து குந்து" என்று அதட்டினார்.

வழக்கத்தில் நைனாவைவிடக் கறாரானவள் அம்மா. மறுத்துவிடுவாளோ என்று அவளையே பார்த்தேன். அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் எத்தனை நாளாக இதற்குக் காத்துக்கொண்டிருந்தாளோ!

அக்கா அள்ளிப் போட்ட அவசரத்தில் சோறு இலைக்கு வெளியிலும் விழுந்தது. அன்றைக்குப் பார்த்து மீன் குழம்பு நிஜமாகவே நெருப்பாக இருந்தது. நான் சாட்சி. முதல் கவளத்திலேயே நைனாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, மூக்கு சிவந்தது. அந்தப் பெண்மணி இன்னும் குழாயடியில்தான் நின்றிருந்தாள். நைனா டிராமில் ஸ்டாப்பிங் பேர் சொல்கிற குரலில், அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"இன்னாம்மா இது, காரமே பத்தலியே! இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து!"

அக்கா ஊற்றினாள். ஊற்றிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நைனா இடது கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே வலது கையால் தின்றார். அம்மா மூன்றாவது தடவை சோறு கேட்டாள். எனக்கு இத்தனை நாளாக மார்மேல் யாரோ உட்கார்ந்திருந்து, அப்போதுதான் எழுந்து போனமாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் பல தடவை கொழும்புக்குப் போனார்கள். நைனா கடைசியாகப் படுத்தபோது, அக்கா கைச் சமையல்தான் வேண்டுமென்று கேட்டு, அவளை வரவழைத்துச் சாப்பிட்டார். அக்காவுக்குக் குழந்தை பிறக்கவே இல்லை.