பெயர் சொல்லாத விண்ணப்பம்

நியூ டெல்ஃப்டில் யாருக்காவது பித்தப்பையில் கல் இருந்தால், மருத்துவருக்கு அடுத்தபடியாக அது ஆர்லிஸ் ஹோஃப்ஸ்ட்ராவுக்குத்தான் தெரியும். சில சமயம் மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிடும் என்று அவள் கணவன் கெரிட் சொல்வதுண்டு.

ஆர்லிஸ் கெட்டவள் அல்ல. கெட்டவளின் கதை என்றால் எழுதுவது சுலபம். நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஞாயிறு பள்ளியில் அவளிடம் பாடம் படிக்காத ஆட்கள் அமெரிக்காவின் அந்த அயோவா ஊரில் குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று கொடியில் துணி உலர்த்தமாட்டாள். பிரசங்கத்தின்போது புதினா மிட்டாயைக் கடித்துச் சத்தம் எழுப்பமாட்டாள். சபையின் ஜெபச் சங்கிலிக்கு அவள்தான் தலைக்கண்ணி. யாருக்காவது துன்பம் வந்தால் முதலில் ஆர்லிஸுக்குத் தொலைபேசி வரும். அவள் அடுத்தவளை அழைப்பாள், அவள் இன்னொருத்தியை. சாப்பாட்டு வேளைக்குள் சபையின் பெண்கள் எல்லோரும் ஜெபத்தில் இருப்பார்கள்.

ஒருமுறை பெர்டீனா என்ற முதியவள் பனியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டாள். அந்தச் செய்தி கடைசி வீட்டை எட்டுவதற்குள், அடக்க ஆராதனைக்குப் பின்னான சாப்பாட்டுக்கு எவ்வளவு ஹாம் இறைச்சி வாங்குவது என்ற கேள்வியாக மாறியிருந்தது. பெர்டீனாவே தொலைபேசியை எடுத்து, "ஹாம் வேண்டாம், நான் இன்னும் சாப்பிடுற நிலைமையிலதான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பின் ஆர்லிஸ் ஒரு விதி வைத்தாள். கடைசியாகக் கேட்டவள் ஆர்லிஸைத் திரும்ப அழைத்துத் தான் கேட்டதை ஒப்பிக்க வேண்டும். செய்தி திரியாமல் இருந்தால் ஆர்லிஸுக்கு ஒரு நிம்மதி. நிம்மதியோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை அவள் பெருமை என்று அழைத்ததில்லை, ஊழியம் என்று அழைத்தாள்.

லவோன் அவளுடைய பள்ளித் தோழி. கணவனை இழந்தவள். மகன் டாரினோடு ஊருக்கு வெளியே ஒரு பால் பண்ணை வைத்திருந்தாள். அந்தக் கோடையில் டாரின் சூ ஃபால்ஸ் நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பதாக ஊரில் பேச்சு. இலையுதிர்காலத்தில் ஒரு நாள், ஓர் அடக்க ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின், ஆலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில் இருவரும் காப்பிக் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"டாரின் கட்டட வேலைக்குப் போகல," என்றாள் லவோன், துடைத்த கோப்பையையே மறுபடியும் துடைத்தபடி.

"அப்புறம்?"

"அங்கேயே குடியை விடவைக்கிற இடத்துல இருக்கான். நான் அனுப்பல. அவனாத்தான் போனான்."

ஆர்லிஸ் குழாயை மூடினாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். ஊருக்குத் தெரிஞ்சா நான் திரும்பி வரமாட்டேன்மா, எந்த மூஞ்சியோட கோயிலுக்குள்ள நடக்கிறதுன்னான். என்னால தனியா சுமக்க முடியல. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

"என் வாயிலேர்ந்து வராதுடி," என்றாள் ஆர்லிஸ். அந்த நேரத்தில் அது உண்மைதான்.

சில நாட்கள் அவள் தாங்கிக்கொண்டாள். தோட்டத்தில் கிழங்கு தோண்டும்போதும், கெரிட்டின் சட்டைக்கு இஸ்திரி போடும்போதும் டாரின் நினைவிலேயே இருந்தான். தனியாக ஜெபித்துப் பார்த்தாள். ஒருத்தி ஜெபிப்பதைவிட ஊரே ஜெபித்தால் பலன் அதிகம் அல்லவா? ஜெபம் யாருக்கானது என்பது ஆண்டவருக்குத் தெரியும், மனிதர்களுக்குத் தெரியத் தேவையில்லை. இப்படி ஒரு வழி திறந்தது. தனக்குச் சாதகமான வழி திறக்கும்போது அதைத் திறந்தவர் ஆண்டவர்தான் என்று எண்ணுவது பக்தியுள்ளவர்களுக்கு எளிது.

சங்கிலியின் இரண்டாவது கண்ணி நெல்வா.

"ஒரு விண்ணப்பம், நெல்வா. பேர் கேக்காத. நம்ம சபையில ஒரு தாய். மகன் வெளியூர்ல குடியோட போராடிக்கிட்டு இருக்கான்."

மறுமுனையில் வானொலியின் சத்தம் குறைந்தது.

"சூ ஃபால்ஸ்லயா?"

"நான் ஊர் சொல்லலியே."

"நீ சொல்லவேணாம். நான் ஜெபிக்கிறேன்."

சாப்பாட்டு நேரத்தில் கடைசிப் பெண் விதிப்படி திரும்ப அழைத்தாள். "நம்ம லவோனோட டாரின் குடியை விடுறதுக்காக ஜெபிக்கணும். சரிதானே ஆர்லிஸ்?"

"அந்தப் பேர் எங்கேர்ந்து வந்தது?"

"நீதான் சொன்னேன்னாங்க."

அவள் சொல்லாமல் விட்ட பெயரோடு, செய்தி துளியும் திரியாமல் வந்து சேர்ந்திருந்தது.

யாரும் லவோனிடம் மூச்சுவிடமாட்டார்கள் என்று ஆர்லிஸ் தன்னைத் தேற்றிக்கொண்டாள். உண்மையிலேயே யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒரு துக்கத்தைக் கேள்விப்பட்டுவிட்டு அடுப்பை மூட்டாமல் இருக்க நியூ டெல்ஃப்ட் பெண்களால் முடியாது. கோழியும் நூடுல்ஸும், உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும், மேலே பாலாடைக்கட்டி பொன்னிறமாக உருக, ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுத்தாளில் உரியவளின் பெயரோடு, லவோனின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த வாரக் கடைசியில் லவோனின் வண்டி ஆர்லிஸ் வீட்டு முற்றத்தில் வந்து நின்றது. லவோன் பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து சமையலறை மேசையில் வைத்தாள். ஒன்றுகூடத் தொடப்பட்டிருக்கவில்லை.

"என்ன லவோன் இது?"

"உன் ஜெபத்துக்குக் கிடைச்ச பதில். என் வாசல்ல வந்து குவிஞ்சிருக்கு."

ஆர்லிஸ் ஒரு பாத்திரத்தைத் தூக்கி அடியில் இருந்த பெயரைப் பார்த்தாள்.

"ஒருத்திகூட எதுக்குன்னு சொல்லல. என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சாங்க. என் வீட்டுக்காரர் செத்தப்போ சாய்ச்ச மாதிரியே. என் பையன் உயிரோட இருக்கான், ஆர்லிஸ்."

"நான் பேர் சொல்லலடி. ஆண்டவர் சாட்சியா சொல்லல."

"வெளியூர்ல மகன் இருக்கிற தாய் நம்ம சபையில எத்தனை பேரு? நீ பேரைச் சொல்லல. விலாசத்தைச் சொல்லிட்ட."

"அவனுக்காக ஜெபிக்கணும்னுதான்..."

"ஜெபிக்கணும்னா முட்டி போடணும். ஃபோனை எடுக்கக் கூடாது." லவோன் கதவருகே போய் நின்றாள். "இதெல்லாம் நீ கூப்பிட்டு வந்த விருந்து. நீயே திருப்பிக் கொடு."

அந்த ஊரில் பாத்திரம் திரும்பினால் காலியாக, கழுவித்தான் திரும்பும். உள்ளே ஒரு துண்டு ரொட்டியோ இரண்டு ஆப்பிளோ இருக்கும். நிறைந்த பாத்திரம் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. சபை இரண்டாக உடைந்து அண்ணனும் தம்பியும் பேசாமல் போன வருடத்தில்கூட இல்லை.

மாலையில் வந்த கெரிட் மேசையைப் பார்த்தான். "இதுல ஒண்ணைச் சூடு பண்ணலாமா?"

"தொடாதே," என்றாள் ஆர்லிஸ். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சமையல் மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் அவள் போதகரைப் பார்க்கப் போனாள். அவளுடைய கடைசி மகனைவிட இளையவர்.

"புதன்கிழமை ஜெபக்கூட்டத்துல எழுந்து எல்லார் முன்னாடியும் அறிக்கை பண்றேன், பாஸ்டர். எனக்கு வெக்கம் பெருசில்ல."

"என்னன்னு அறிக்கை பண்ணுவீங்க?"

"லவோன் என்னை நம்பி, டாரின் விஷயத்தை..." நிறுத்தினாள். போதகர் தன் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் அதையேதான் சொல்லப்போறேன், இல்ல?"

"இந்தத் தடவை கண்ணீரோட," என்றார் அவர்.

"ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன், பாஸ்டர்."

"அவர்கிட்ட கேக்கிறது சுலபம்மா. அவர் கதவைச் சாத்தமாட்டாரு."

ஆர்லிஸ் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். முதலில் நெல்வா வீடு.

நெல்வா மூடியைத் திறந்து பார்த்தாள். "தொடவே இல்லையா? உப்பு கூடிப்போச்சா?"

"குத்தம் சமையல்ல இல்ல. அவ என்னை நம்பிச் சொன்னதை நான் வெளியே விட்டுட்டேன். கோபம் என் மேல."

"நாம ஜெபம்தானே பண்ணினோம்."

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன், நெல்வா."

நெல்வா குரலைத் தாழ்த்தினாள். "அது போகட்டும், டாரின் இப்போ எப்படி இருக்கானாம்?"

கேள்வியில் அக்கறை இருந்தது. அதுதான் கொடுமை. இத்தனை வருடமும் தன் குரலும் இப்படித்தான் ஒலித்திருக்கும் என்பது ஆர்லிஸுக்கு அந்தக் கணத்தில் உறைத்தது. "எனக்குத் தெரியாது," என்றாள். "தெரிஞ்சாலும் தெரியாது." அடுத்த வீட்டுக்கு வண்டியை எடுத்தாள்.

ஜெபச் சங்கிலியை நெல்வாவிடமே விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "எனக்கு வேண்டாம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பேசுவதையே நற்குணமாக வளர்த்துக்கொண்ட ஒருத்தி அறுபது வயதுக்கு மேல் வாயைக் கட்டப் பழகுவது சாதாரணக் காரியமல்ல.

அதற்குள் கெடுதல் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. சூ ஃபால்ஸுக்குத் தீவனம் வாங்கப் போன சபைக்காரர் ஒருவர், சாமான் வாங்க வெளியே வந்திருந்த டாரினைக் கடை வாசலில் கண்டு தோளைத் தட்டி, "எல்லாரும் உனக்காக ஜெபிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே டாரின் தாயை அழைத்து, நவம்பர் கடைசியில் வரும் நன்றி கூறும் நாளுக்கு வீட்டுக்கு வரமாட்டேன் என்றான். பிறகு, மாடுகளை விற்றுவிடு என்றான். கறவைக்கு இருந்த ஆளும் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். லவோன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினாள். மாடுகள் போனால் டாரின் திரும்பி வருவதற்குக் காரணமே இல்லாமல் போகும் என்பது ஊரில் எல்லோருக்கும் புரிந்தது. ஆர்லிஸுக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்தது.

இரண்டு முறை போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை அவள் வீட்டுக் கதவுக்குப் போகவில்லை. விடியுமுன் தன் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு நேரே மாட்டுக் கொட்டகைக்குள் போனாள். அங்கே லவோன் தனியாகக் கறவை இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சிடு, லவோன்."

லவோன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வெந்நீர் வாளியை எடு," என்றாள்.

ஆர்லிஸ் வாளியை எடுத்து மாடுகளின் மடியைத் துடைக்கத் தொடங்கினாள். மறுநாளும் போனாள். பனி விழத் தொடங்கிய பிறகும் போனாள். சிறுவயதில் தந்தையின் பண்ணையில் கற்றதைக் கைகள் மறக்கவில்லை, முழங்கால்கள்தான் மறந்துவிட்டிருந்தன. லவோன் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். "நகரு," "அந்தப் பக்கம்," "அது உதைக்கும்." அவ்வளவுதான். ஒருமுறை உதை விழுந்தது. "சொன்னேன்ல," என்றாள் லவோன். அதில் இரக்கத்தைவிடத் திருப்தி கூடுதலாக இருந்ததாக ஆர்லிஸுக்குத் தோன்றியது. அதுவும் தகும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாடுகளின் சூடான விலாவில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும்போது அவள் டாரினுக்காக ஜெபித்தாள். அந்த ஜெபத்தை யாரிடமும் சொல்ல முடியாது. யாரும் திரும்ப அழைத்து ஒப்பிக்கமாட்டார்கள். ஆரம்பத்தில் அது பாதி ஜெபம்போல, எங்கோ குறைபட்டதுபோல இருந்தது. குளிர்காலம் முடியும் தறுவாயில்தான், இதுவரை தான் ஜெபம் என்று நினைத்ததில் எவ்வளவு பங்கு வெறும் பேச்சு என்பது அவளுக்குப் பிடிபட்டது. அதைக்கூட யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு காலை. கறவை முடிந்து லவோன் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டாரின் நேத்து கூப்பிட்டான்," என்றாள், தண்ணீரைப் பார்த்தபடியே. "மாடு எல்லாம் இன்னும் இருக்கான்னு கேட்டான். எப்படிச் சமாளிக்கிறன்னு கேட்டான். நீ வர்றதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல."

ஆர்லிஸ் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"வர்றானாம். வீட்டுக்கு மட்டும். கோயிலுக்கு இல்ல, ஊருக்குள்ள இல்ல. முதல்ல கொஞ்ச நாள் இருந்து பாக்கிறேன்னான்." லவோன் கையைத் துடைத்துக்கொண்டு முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். யார்கிட்டயும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு ஒருமுறை மதிப்பிருந்தது, இப்போது இல்லை. அது இல்லாமலே விஷயத்தைச் சொல்லியிருந்தாள். "நாளைக்குச் சீக்கிரம் வா. அந்தக் கிடேரி இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போட்டுடும்."

"வர்றேன்," என்றாள் ஆர்லிஸ்.

வீட்டுக்கு வந்தபோது கெரிட் மேசையில் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தான். திருமணமான நாளிலிருந்து அவள் கேட்டது எதுவும் அவன் காதுக்கு வராமல் போனதில்லை.

"இன்னைக்காவது லவோன் பேசினாளா?"

"பேசினா."

"என்ன சொன்னா?"

ஆர்லிஸ் பூட்ஸைக் கழற்றிக் கதவோரம் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ரொட்டியில் வெண்ணெயை ஓரம்வரை தடவினாள். அவள் கண்கள் நிறைந்திருந்ததைக் கெரிட் பார்த்தான்.

"பேசினா," என்றாள் மறுபடியும்.

கெரிட் காப்பிக் குவளையை அவள் பக்கம் நகர்த்தினான்.