போர்கோ வெக்கியோவில் ஒரு மஞ்சள் மஸ்டாங்

பலெர்மோவில் கார் இல்லாதவனும் காலையில் ஒரு காரைத் தள்ளித்தான் ஆக வேண்டும். இங்கே வீதியோரம் கார்களை இரண்டு வரிசையாக விடுவார்கள். இரண்டாவது வரிசை முதல் வரிசையை முழுதாக மறித்து நிற்கும். மறித்தவர் போகும்போது கியரை நியூட்ரலில் போட்டு, ஹான்ட் பிறேக்கையும் எடுத்துவிட்டுப் போவார். அதுதான் மரியாதை. உள்ளே அகப்பட்டவர் வந்து, மறித்த காரைக் கையால் நாலடி நகர்த்திவிட்டுத் தன் காரை எடுப்பார். வந்த புதிதில், நான் துப்புரவு வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா ஒரு வெள்ளைக் காரைக் காட்டி "தள்ளு" என்றபோது, நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, இன்னும் கைக்கு வராத காலம். யாருடைய காரோ, நான் தள்ள, பொலிஸ் வர, அப்படியே என்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு தும்புத்தடியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். சிஞ்ஞோரா பொறுமை இழந்து தானே தள்ளினார். வெட்கமாகிவிட்டது. அன்றுமுதல் அந்த வேலை என்னுடையது.

இத்தனை வருடம் தள்ளியதில் அந்தத் தெருவில் எந்தக் கார் பாரம், எது லேசு என்பது என் தோளுக்குத் தெரியும். எனக்கென்று ஒரு கார் வாங்கும் எண்ணம் வந்தபோது, லேசான சின்னக் கார் எதையாவது நினைத்திருக்கலாம். புத்தி அப்படிப் போகவில்லை. அது நேராகப் போய் மஸ்டாங்கில் நின்றது. எட்டு சிலிண்டர், நீண்ட மூக்கு, பழைய அமெரிக்க மஸ்டாங்.

இந்த ஆசை யாழ்ப்பாணத்தில் ஒரு சலூன் கதிரையில் பிடித்தது. சலூன்காரரின் தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய கலண்டர் ஒன்று பின்சுவரில் தொங்கியது. அதன் மார்ச் பக்கத்தில் ஒரு மஸ்டாங். அதைக் கிழிக்க மனமில்லாமல், சலூனில் வருடக்கணக்காக மார்ச் மாதமே நடந்தது. பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் வாங்கும் சாமான். மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஏமாற்றி ஸ்டார்ட் பண்ணிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். அப்படிப்பட்ட ஊரில், தண்ணீரைப் போலப் பெற்றோல் குடிக்கும் கார் ஒன்றை, தலைமயிர் வெட்டும் நேரமெல்லாம் முன்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அதன் ஸ்டியரிங் வலப்பக்கம் தெரிந்தது. அமெரிக்காக்காரரும் எங்களைப் போலத்தான் ஓட்டுகிறார்கள் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரில் வேகமாகப் போகவேண்டும் என்று ஒருநாளும் நான் ஆசைப்பட்டதில்லை. அது என் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஷெல் அடிக்கு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மறுபடியும் இடம்பெயர்ந்து, எங்களுக்கு வாசல் என்று ஒன்று நிலைத்ததே இல்லை. வாசலில் ஒரு கார் நின்றால் அந்த வீட்டு மனிதர் எங்கும் ஓடப்போவதில்லை என்று அர்த்தம். இப்படி ஒரு கணக்கை யார் எனக்குச் சொல்லித்தந்தார்களோ தெரியாது. ஆனால் அது மனதில் ஊறிவிட்டது.

பல வருடம் கழித்து, சிஞ்ஞோராவின் தூசி உறிஞ்சும் மெஷின் பழுதாகி, அதைத் திருத்துவதற்காக பஸ் ஏறி பிரான்காச்சோவுக்குப் போனேன். பட்டறைகள் நிறைந்த ஒரு ஒழுங்கை. பாதி திறந்திருந்த ஒரு ஷட்டருக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு காரின் பின்பக்கம் தெரிந்தது. மெஷினைத் தோளில் சுமந்தபடி குனிந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேனோ, உள்ளே கதிரையில் இருந்த கிழவர் எழுந்து வந்து, "லவோரோ இல்லை" என்றார். வேலை கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அப்படியென்றால் மெஷின் விற்க வந்தாயா, எனக்கு வேண்டாம் என்றார். நான் காரைக் காட்டி, "இதைப் பார்க்க வந்தேன்" என்றேன். கிழவரின் முகம் மாறிவிட்டது. ஷட்டரை முழுதாக உயர்த்தினார்.

அவர் பெயர் சிஞ்ஞோர் தூரி. இளவயதில் அமெரிக்காவுக்குப் போய், பாண் பேக்கரியில் மா பிசைந்து, அந்தக் காசில் இந்தக் காரை வாங்கி, ஊர் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அங்கே அவரை இத்தாலியன் என்றார்களாம். இங்கே வந்தபின் அமெரிக்கானோ என்கிறார்களாம். இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் ஆளைப் பிடித்துப்போனது. அதற்குப்பின் ஞாயிறு தோறும் பஸ் ஏறிப் போய், அவரோடு சேர்ந்து காரைத் துடைத்தேன். பிள்ளைகள் ஜெர்மனியில், அவர்களுக்கு இது வேண்டாம். முழங்கால் தேய்ந்து கிளச்சை மிதிக்க முடியாமல் போன ஒருநாள், "உனக்கே தருகிறேன்" என்றார். என்ன விலை என்று எழுதமாட்டேன். என் மச்சான் இதை வாசிப்பான்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி யோகம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வயசு போன நேரத்திலை வயசு போன காரோ?"

"நல்லா வைச்சிருக்கினம், யோகம்."

"உங்களையும் நான் நல்லாத்தான் வைச்சிருக்கிறன். ஆரும் வாங்க வருகினமே?"

இரண்டு கிழமை அவள் என்னோடு அளவாகக் கதைத்தாள். மூன்றாம் கிழமை, "சரி, எடுங்கோ. ஆனா நல்ல நாள் பாத்து, முறைப்படி எடுக்கவேணும்" என்றாள். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று நான் மகிழ்ந்துபோனேன்.

நாள் பார்ப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. யோகம் வெள்ளிக்கிழமை என்றாள், லட்சுமிக்கு உகந்த நாள். தூரியின் மனைவி கொன்செத்தா கேட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தார். வெள்ளிக்கிழமை எதையும் தொடங்கக்கூடாதாம், செவ்வாயும் ஆகாதாம். பதினேழாம் திகதியைப் பற்றிப் பேசவே கூடாதாம். அவர் சனி என்றார். சனியனை வீட்டுக்குக் கூட்டிவரவோ என்றாள் யோகம். பிறகு அட்டமி, நவமி, ராகுகாலம், அவர்கள் பக்கத்தில் ஏதோ புனிதரின் துக்கநாள். இரண்டு பெண்களும் கழித்துக் கழித்து, கடைசியில் ஒரு வியாழக்கிழமை முற்பகல் மட்டும் மிஞ்சியது. ஒருவரும் குறை சொல்ல முடியாத நேரம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டது.

அந்த வியாழன், சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டு, பட்டுவேட்டி கட்டி, மேலே குளிர்ச்சட்டையும் போட்டுக்கொண்டு யோகத்தோடு பிரான்காச்சோவுக்குப் போனேன். பெயர் மாற்றும் பத்திர வேலை முதல்நாளே முடிந்துவிட்டது. கார்த் திறப்பு மட்டும் தூரியின் கையில். யோகம் தன் பையிலிருந்து தேசிக்காய்களை எடுத்து நாலு சில்லுக்கும் கீழே ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு பெரிய ஊசி ஒன்றில் நூல் கோத்து, ஒரு தேசிக்காயைக் குத்தி, மேலும் கீழும் பச்சைமிளகாய் கோத்தாள். காரின் முன்னுக்குக் கட்டுவதற்கு. எங்களுக்கு இது சாதாரண விஷயம். அந்த நேரம் பார்த்து கொன்செத்தா மாடியிலிருந்து கோப்பியோடு இறங்கி வந்தார்.

தட்டை அப்படியே படியில் வைத்தார். ஒரு கையால் சிலுவை போட்டார். மறு கையின் இரண்டு விரலை நீட்டிக் கொம்பு காட்டினார், தீயதை விரட்டும் சைகை. தூரியின் காதில் ஏதோ சொன்னார். தூரி சில்லுகளைக் குனிந்து பார்த்தார், என் மனைவியின் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார், திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "காசைத் திருப்பித் தருகிறேன். போய்விடுங்கள்" என்றார்.

என் இத்தாலியன் படிக்கட்டிலும் குளியலறையிலும் படித்தது. குளோரின், வாளி, ஈரத்துணி எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. தேசிக்காய்க்கு விளக்கம் சொல்ல ஒன்றும் இல்லை. "நல்லது, நல்லது" என்று தேசிக்காயைக் காட்டித் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் பின்னால் போனார்கள். எங்கள் மகள் ஆரணிக்கு போன் எடுத்தேன். அவள் இங்கே பிறந்தவள். நடந்ததைச் சொன்னேன்.

"பப்பா, இவையின்ரை ஊரிலை லிமோனேக்கை ஊசி குத்திறது செய்வினை. ஐயோ, கேக்காமல் ஆரப்பா குத்தினது?"

"அம்மாதான்."

"போனை அந்த மனுசியிட்டைக் குடுங்கோ."

போனை ஒலிபெருக்கியில் போட்டு நீட்டினேன். அசல் பலெர்மோக்காரி போல அவள் பாட்டாக இழுத்து இழுத்துச் சொன்னதில் எனக்கு விளங்கியது ஒரு சொல்தான், மலோக்கியோ. கண்ணூறு. கண்ணூறு படாமல் இருக்கத்தான் இதெல்லாம் என்கிறாள். கொன்செத்தா முழுதாக நம்பவில்லை. யோகத்துக்குப் பொறுக்கவில்லை. "தாலியிலை சத்தியமா" என்று கழுத்துக்குள்ளிருந்து தாலிக்கொடியை வெளியே இழுத்துப் பிடித்தாள். கூடவே அதில் கோத்திருந்த சாந்தா ரொசாலியா பதக்கமும் வந்தது. ஆரணிக்குச் சின்னவயதில் காய்ச்சல் கடுமையானபோது, மலையேறிப்போய் அந்தப் புனிதைக்கு நேர்ந்து வாங்கிக் கட்டியது. கொன்செத்தா கிட்ட வந்து பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். தாலியையும் தொட்டார். பிறகு, இதற்கு ஒரு முடிவு காண்போம் என்பதுபோல மேலே போய், ஒரு கோப்பையில் தண்ணீரும் ஒலிவ் எண்ணெயும் கொண்டுவந்தார்.

தண்ணீரில் எண்ணெய் மூன்று சொட்டு விட்டார். துளி முழுதாக நின்றால் பழுதில்லை, கலைந்து பரவினால் கண்ணூறு இருக்கிறது. காரின் மூக்கில் கோப்பையை வைத்து நாலு பேரும் தலையை நீட்டிப் பார்த்தோம்.  துளிகள் கலைந்து, நன்றாகப் பரவின. யோகத்தின் முகம் கறுத்தது. ஆனால் கொன்செத்தா எங்களைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். அங்கே தூரியின் மச்சான் இருக்கிறார். வெகுகாலமாக இந்தக் காரைக் கேட்டு, கிடைக்காமல் போனவர்.

"இவன்தான்" என்றார் கொன்செத்தா.

"நான் அப்பவே நினைச்சன்" என்றாள் யோகம் தமிழில். இருவருக்கும் மொழி தேவைப்படவில்லை. தூரியின் முழங்காலும் இதனால்தான் போனது என்று முடிவாகி, அதைச் சுற்றிப் போடவும் கொன்செத்தா ஒரு தேசிக்காய் கேட்டு வாங்கினார்.

திறப்பு என் கையில் வந்தது.  டாஷ்போர்டில் யோகத்தின் பிள்ளையார், கண்ணாடியில் கொன்செத்தாவின் சிவப்புக் கொம்பு, முன்னுக்கு மிளகாய் மாலை. முதல் ஓட்டத்துக்குத் தானும் வருவேன் என்று தூரி பக்கத்தில் ஏறிவிட்டார். பெண்கள் பின்னால் ஒடுங்கி இருந்தார்கள். எட்டு சிலிண்டரும் ஒன்றாக உறுமியபோது என் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவில்லை. தூரியும் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சில்லுகள் உருள, நாலு தேசிக்காயும் நசிந்தன.

போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டு ஒழுங்கையின் அகலத்தை முன்னமே தும்புத்தடியால் அளந்து வைத்திருந்தேன். கார் போகும், கை அகலம் மிச்சமும் இருக்கும். ஆனால் நான் அளந்தது ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மதத்துக்கும் பொதுவான சுபநேரம் போர்கோ வெக்கியோவில் சந்தை கூடும் நேரம் என்பதை நாங்கள் நாலு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. பெரிய வீதியிலிருந்து திரும்பி, மூக்கு உள்ளே போய், கதவு வரைக்கும் வந்தபோது இடப்பக்கம் தக்காளிப் பெட்டிகள், வலப்பக்கம் மீன்காரரின் ஐஸ் மேசை. நிறுத்தினேன். கதவு திறக்க வழியில்லை. பின்னால் எடுக்கலாம் என்று பார்த்தால், பெரிய வீதியில் கிடக்கும் என் காரின் வாலை முட்டுவதுபோல ஒரு பஸ்.

மாடிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். தக்காளிக்காரர் வலப்பக்கம் ஒடிக்கச் சொன்னார், மீன்காரர் இடப்பக்கம் ஒடிக்கச் சொன்னார். "இஞ்சாருங்கோ, அங்கை எங்கடை கதவு" என்று யோகம் பின்னாலிருந்து கை நீட்டினாள். தக்காளிப் பெட்டிகளுக்கு அப்பால் என் வாசல் தெரிந்தது. கார் ஒன்று நிற்குமளவு வெறும் இடம், எனக்காகவே காலியாகக் கிடந்தது. பஸ் சாரதி பொறுத்துப் பார்த்துவிட்டு, ஹோர்ன் அடிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலால் தலையை நீட்டி, தெருவே கேட்கும்படி என்னிடம் கேட்டார்:

"நீ உள்ளே போகிறாயா, வெளியே வருகிறாயா?"

இத்தனை வருடத்தில் பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவின் எந்த அதிகாரியும் இந்தக் கேள்வியை இவ்வளவு சுருக்கமாக என்னிடம் கேட்டதில்லை. தூரி என்னைப் பார்த்தார். நான் தூரியைப் பார்த்தேன்.  கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, "ஊன் அத்திமோ" என்றேன். ஒரு நிமிஷம் பொறு, யோசிக்கிறேன்.