ஏழாம் நம்பர் பாடி வாரா

"அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை..."

மைக் பிடித்ததும் 'ஹலோ, ஒன் டூ த்ரீ' சொல்லும் வழக்கம் சித்ரலேகாவுக்கு இல்லை. திருநெல்வேலி பஸ் நிற்கும் ஊர்களை, கண்டக்டர் தோற்கும் வேகத்தில் அடுக்குவார். மைதானத்தின் மூலையிலிருந்து யாராவது "ஒரு டிக்கெட்!" என்று கத்துவார்கள். கூட்டம் சிரிக்கும். பெண்கள் கபடி ஆரம்பிக்கப்போகிறது என்று அர்த்தம்.

வயது நாற்பத்து மூன்று. விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை. கோனில் சுற்றிய நூலை விளக்கடியில் உருட்டிப் பார்த்து முடிச்சு, அழுக்கு, பிசிறு கண்டுபிடிக்க வேண்டும். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கபடி வர்ணனை. கல்லூரியில் ஆடியவர்தான். முழங்கால் போனபிறகு கோட்டுக்கு வெளியே நின்று வாயால் ஆடுகிறார்.

மில்லில் சோறு போட்ட அந்தக் கண்தான் மைதானத்தில் வினையாயிற்று. தன் வர்ணனையைப் போனில் பதிவுசெய்து, வீட்டுக்கு வந்து கேட்டு, ஒரு நோட்டில் சிவப்பு மையால் எழுதுவார். எனக்கு ஒரு பக்கம் காட்டினார். 'அருமை - பத்தொன்பது தடவை. மூச்சு வாங்கியது - மூன்று இடம். ழகரம் சரியில்லை.' கணவர் மாரிராஜ் மினிபஸ் ஓட்டுகிறவர். "ஊரே கையத் தட்டிட்டுப் போயிரும். இவளுக்குச் சோறு எறங்காது. அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருப்பா" என்றார்.

போன வருடம் ஓர் அரையிறுதியில், மாரிக்கண்ணு என்ற பெண் பிடித்த பிடியைப் பொன்செல்வி பிடித்ததாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். யாரோ அதை வீடியோவாக்கிச் சிரிப்புப் படங்கள் ஒட்டிப் பரப்பினார்கள். சித்ரலேகா பத்து மாதம் மைக் பக்கமே போகவில்லை. "அந்தப் புள்ள அத்தன கஷ்டப்பட்டுப் புடிச்சிருக்கா. பேரு கூட ஒழுங்கா சொல்லத் தெரியாத வாயி எதுக்குன்னு தோணிட்டு" என்றார் என்னிடம்.

இந்தப் பொங்கலுக்கு ஊரில் இறுதிப்போட்டி. விக்கிரமசிங்கபுரமும் தச்சநல்லூரும். வர்ணனை சொல்ல வேண்டிய ரிச்சர்டின் பைக் வழியில் நின்றுவிட்டது. விழாக் குழுவைச் சேர்ந்த பூதத்தான் கூட்டத்தில் சித்ரலேகாவைப் பார்த்துவிட்டார். காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், தலையில் பஞ்சுத் துகளோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"யம்மா, ரிச்சர்டு வார வரைக்கும் நீ சொல்லு."

"அண்ணாச்சி, கையில குறிப்பு ஒண்ணும் இல்ல. புள்ளைய பேரு கூடத் தெரியாது."

"முதுகுல நம்பர் இருக்குல்லா? அதச் சொல்லு!"

மைக்கைக் கையில் திணித்தே விட்டார். நான்காவது நிமிடமே தவறு. தச்சநல்லூர் எடுத்த புள்ளியை உள்ளூர் கணக்கில் சொல்லிவிட்டார். "ஓ...!" என்று கூட்டம் கூவியது. சித்ரலேகாவுக்கு மைக்கை வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுதான் இருந்ததாம். அதற்குள் தச்சநல்லூரின் ஏழாம் நம்பர் 'கபடி கபடி' என்று பாடியபடி கோட்டைத் தாண்டிவிட்டாள்.

"தப்பாச் சொல்லிட்டேன், பாயிண்டு தச்சநல்லூருக்கு! இந்தா, ஏழாம் நம்பர் பாடி வாரா! அங்கன பாருங்க, காலப் பாருங்க!"

கூட்டம் அவரை விட்டுவிட்டு அந்தக் காலைப் பார்த்தது.

அதன்பிறகு நான் கண்டது வேறு சித்ரலேகா. நாற்காலியில் உட்காரவில்லை. முழங்காலை மறந்து, மைக் ஒயர் எட்டும்வரை கோட்டோரமாக ஓடினார். தவறுகள் வந்தன; வந்த வேகத்தில் திருத்திக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குத் தாவினார். நடுவில் வந்து சேர்ந்த ரிச்சர்ட், மைக்கைக் கேட்காமல் பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டு. உள்ளூர் ஒரு புள்ளி முன்னால். பாடி வந்த ஏழாம் நம்பரை மூன்று பேர் அமுக்கிவிட்டார்கள். அவள் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் மூவரும் அவுட். கீழே கிடந்தபடியே, பாட்டை விடாமல், ஒரு கையை மட்டும் நடுக்கோட்டை நோக்கி நீட்டிக்கொண்டே போகிறாள். ஒரு சாண். நாலு விரல்.

"ஏட்டி, போ... போ... பைய இல்ல, வெரசா... தொட்டுட்டா! தொட்டுட்டா! ஆத்தி, தொட்டுட்டா!"

குரல் இரண்டாக உடைந்தது. சொந்த ஊர் தோற்றது அவருக்கு உறைக்கவே இல்லை. கூட்டமும் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

"எத்தனை தவறு வந்தது?" என்று பிறகு கேட்டேன்.

"யாரு எண்ணுனா?" என்று சிரித்தார். "மில்லுல ஒரு முடிச்சு தெரிஞ்சா மெஷின நிறுத்தித்தான் ஆவணும். இங்கன நான் நிறுத்துனா, அந்தப் புள்ள பாடுதத யாரு சொல்லுவா?"

இப்போது ஒரு மணி நேரம் முன்பாகவே வந்துவிடுகிறார். ஒவ்வொரு பெண்ணிடமும் போய், "ஏட்டி, ஒம் பேர நீயே சொல்லு, கேப்போம்" என்று வாயால் சொல்லவைத்துப் பழகிக்கொள்கிறார். அப்படியும் மாறிப்போனால், அடுத்த மூச்சில் சரியான பெயர் வந்துவிடுகிறது.

சென்ற ஞாயிறு அம்பாசமுத்திரம் ஆட்டத்தில், ஆட்டம் சூடேறிய நேரத்தில் மின்சாரம் போனது. ஒலிபெருக்கி ஊமையாயிற்று. ஒரு பெண் அப்போதுதான் பாடப் புறப்பட்டிருந்தாள். சித்ரலேகா மைக்கை மேசைமேல் வைத்தார். செருப்பை உதறிவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டார்.