வீட்டுக்கான பில்

அவில்டாவுக்கு ஐம்பத்தாறு வயது. மாயாகுவெஸ் நகர ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடமாக இரத்தம் எடுக்கிறாள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்கள், அடுத்த மேஜை காலியாக இருந்தாலும் அவள் மேஜைக்குத்தான் காத்திருப்பார்கள். ஊசி இறங்குவதே தெரியாது. "விரலை இறுக்கி மூடுங்க. ஆச்சு." அதற்கு மேல் பேச்சில்லை. எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், "டாக்டர் சொல்லுவாரு" என்பாள்.

கணவன் அனிபால் இறந்து எட்டு மாதம். லிஃப்ட் மெக்கானிக். வங்கிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் வேலை செய்துகொண்டிருந்தவன் களைப்பாக இருக்கிறது என்று உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவில்டா வேலைக்குப் போய்விட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று இரண்டொருவர் சொன்னார்கள். அழுகை வந்திருந்தால் அழுதிருப்பாள். வரவில்லை, அவ்வளவுதான்.

அவன் விட்டுப் போனது ஒரு கார். சாம்பல் நிறம், இரண்டே இருக்கை, திறந்து மூடுகிற மேல்கூரை. ஐம்பது வயதில் கடன் போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினான். இந்த ஜாதிக் கார் யானையைக் கட்டித் தீனி போடுகிற மாதிரி என்று தெருவே சொன்னது. "அதெல்லாம் பொறாமைல பேசறது. எண்ணெய் ஊத்துனா ஓடுற கழுதைடி இது" என்று சிரிப்பான். பட்டறைக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் பில்லைக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் வைப்பான். அவள் இழுப்பறையில் கோப்பாக அடுக்கி வைத்தாள்.

படுக்கையறைக் கூரை நாலு வருடமாக ஒழுகுகிறது. சரியாக அனிபால் படுக்கிற பக்கம். "அடுத்த மழைக்குள்ள பூசிடலாம்" என்பான், மழை வந்துவிடும். இப்போது அந்தப் பக்கத்தில், மெத்தைமேல், ஒரு வாளி இருக்கிறது. அவில்டா தன் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாள்.

கூரை பூச ஏழாயிரம் டாலர் கேட்டார்கள். கார் கடன் மிச்சம் பன்னிரண்டாயிரம். பத்தொன்பதுக்கு விற்றால் இரண்டும் தீரும். குறைந்தால் வாளிதான்.

சனிக்கிழமை காலை காரைப் பார்க்க யாமில் வந்தான். பல் டாக்டர், முப்பது வயதிருக்கும். வண்டியைச் சுற்றி வந்தான், அடியில் படுத்துப் பார்த்தான், ஓட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்திருந்தது. கோப்பைத் திறந்ததும் வாடியது.

"தோன்யா," என்றான், அம்மா என்பதற்கு அந்த ஊர் மரியாதைச் சொல், "வாட்டர் பம்ப் மாத்துன பில் எங்க?"

"இருக்கறது அவ்வளவுதான்."

"ஆயில், நாப்பத்தஞ்சு. வைப்பர், பதினெட்டு. பல்பு, ஒம்போது. மறுபடியும் பல்பு, ஒம்போது. மாட்டு வண்டிக்கே இதவிட ஆகுமே!" கோப்பை மூடினான். "கோவிச்சுக்காதீங்க. இந்தக் காருல அறுபதாயிரம் மைல்ல பம்ப் ஒழுகும். அதுக்கு ஆயிரத்து முந்நூறு. இக்னிஷன் காயில் சூட்டுல வெடிச்சிடும், ஆறையும் மாத்த எண்ணூத்தம்பது. கிளட்ச்சுக்கு கியர்பாக்ஸையே இறக்கணும், மூவாயிரத்து நானூறு. மேல்கூரைத் தண்ணி வடியற குழாய்ல இல அடைச்சா, தண்ணி சீட்டுக்கடியில போயி எலக்ட்ரானிக் பெட்டிய முழுக்கடிச்சிரும். இதுல எதுவுமே செய்யலன்னா எல்லாம் என் தலைல. பதினாலு தரேன்."

ஒவ்வொரு எண்ணையும் பரிசோதனை முடிவைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பில்லில் இருந்த எண்ணுக்கு போன் செய்தாள்.

பட்டறைக்காரர் சாகோ கால் மணியில் வந்தார். கையில் ஒரு செருப்புப் பெட்டி. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"திட்டுங்க தோன்யா, வாங்கிக்கறேன். எங்கிட்ட ரெண்டு பில் புக்கு உண்டு. நீலம் நெசம். வெள்ள, வீட்ல காட்டறதுக்கு. இந்த மாதிரி கார் வச்சிருக்கறவன் எவனும் நீலத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல. பாதிரியாரோட தம்பி உட்பட."

"எனக்கு நீலமே போதும், நான் கல்யாணம் பண்ணிக்கல" என்றான் யாமில்.

"இப்ப அப்படித்தான் சொல்லுவீங்க."

யாமில் நீலத் தாள்களைப் புரட்டினான். பம்ப் இருந்தது. காயில்கள் இருந்தன. குழிச் சாலையில் அடிபட்ட சக்கர வளையம் இரண்டு முறை இருந்தது. கிளட்ச் இருந்தது. செல்போனில் கூட்டினான். "பதினோராயிரத்து அறுநூத்தி நாப்பது! ஒண்ணு விடாம செஞ்சிருக்காரு மனுஷன். பத்தொன்பது நியாயம் தோன்யா, எடுத்துக்கறேன்."

அவில்டா கிளட்ச் பில்லின் தேதியைப் பார்த்தாள். அந்த வாரம்தான் அனிபால் வாளி வாங்கி வந்தான்.

"இவ்வளவு காசு ஏது அவருக்கு?"

"பாதிக்கு வேல செஞ்சு கழிச்சாரு. பட்டறைல கார் தூக்கற லிஃப்ட் மூணையும் அவருதான் பாத்துக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமைல வருவாரு."

"ஞாயித்துக்கிழமை காபோ ரோஹோ கடற்கரைக்குல்ல போவாரு."

சாகோ தொப்பியைக் கழற்றித் திருகினார். "முக்காவாசி நாள் வண்டி பிரிச்சுக் கெடக்கும் தோன்யா. எதுல போறது?"

"சோளமாவுக் குச்சி பொரிச்சது வாங்கிட்டு வருவாரே, அங்கேருந்து."

"அது எங்க தெருமுனைக் கடை."

அவில்டா கிளட்ச் பில்லை மற்ற நீலத் தாள்களோடு வைத்தாள். "அதான் சூடாவே இருந்துது" என்றாள்.

யாமில் கிளம்பும்போது நீலத் தாள்களை அவனிடம் கொடுத்தாள். வெள்ளைத் தாள்களைத் தட்டி நேராக்கி எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு தோன்யா? குப்ப. அத்தனையும் பொய்."

"தெரியும்" என்று இழுப்பறையில் வைத்தாள்.

கூரை பூசுகிறவர் செவ்வாய்க்கிழமை வந்தார். ஏணியைச் சாய்த்துவிட்டுப் படுக்கையறையை எட்டிப் பார்த்தார்.

"நாலு வருஷமா ஒழுகுதுங்கறீங்க. வாசல்ல ரேஸ் கார் நின்னுதுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. கூரைய அதுதான் தின்னுருக்கும்!"

"அதுக்கு ஒண்ணும் பெருசா செலவு வைக்கல அவரு. பில் இருக்கு." எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பல்பு, ஒம்போது டாலரு. பரவால்லயே. நல்ல கார்தான் போல."

"எண்ணெய் ஊத்துனா ஓடும்."

"சரிம்மா. பூச்சு கலக்க வாளி ஏதாவது இருக்கா?"

உள்ளே போய் மெத்தைமேல் இருந்ததை எடுத்து வந்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டுக் கொடுத்தாள்.

"பூச்சு ஒட்டுனா அப்புறம் போகாதும்மா. பரவால்லயா?"

"பரவால்ல."