கழுவி வந்த கேன்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்துக்கு வந்தார். குத்தகை நிலத்தில் அவர் போட்ட சம்பாப் பயிர் திடீரென்று கருகிவிட்டது. நிலத்துக்காரரின் ஆட்கள் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள் என்பது அவர் புகார். பயிரைக் கவனிக்காமல் சாகவிட்டார், அதனால் வெளியேற வேண்டும் என்பது நிலத்துக்காரரின் வழக்கு. வரப்பில் கிடந்த அந்தக் கேன்தான் அவருக்கிருந்த ஒரே ஆதாரம். அதில் என்ன இருந்தது என்று எழுதி வாங்கிவரும்படி விசாரணை அதிகாரி சொல்லியிருந்தார். உழுபவனுக்கே நிலம் என்று மேடைக்கு மேடை முழங்கிய காலம் அது. மேடைக்குக் கீழே நடந்தது வேறு.

கேனில் லேபிளைக் கிழித்திருந்தார்கள். கிழிக்கட்டும் என்று நினைத்தேன். அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால், ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய அலைநீளங்களில் அதை விழுங்கும். கருவியின் பேனா அதைக் காகிதத்தில் மேடும் பள்ளமுமாக வரையும். அதை வைத்து இன்ன பொருள் என்று சொல்லிவிடலாம். ஒரு துளி மிச்சம் இருந்தால் போதும்.

அந்தத் துளிதான் இல்லை. கேனைக் கரைப்பான் ஊற்றி அலசி, அது ஆவியானபின் எஞ்சியதைக் கருவியில் வைத்தேன். துணி சோப்பு வந்தது. இன்னொரு முறை செய்தேன். அதே சோப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே பெஞ்ச் காலியாக இருந்தும் அவர் நின்றுகொண்டிருந்தார். கழுவினீர்களா என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. சாம்பலால் தேய்த்து, சோப்புப் போட்டு, வாய்க்காலில் நாலு தண்ணீர் அலசியதாகச் சொன்னார். வயல் மண்ணாவது, கருகிய நெல் தாளாவது கிடைக்குமா என்றேன். எல்லாவற்றையும் நிலத்துக்காரரின் ஆட்கள் உழுது தண்ணீர் கட்டிவிட்டார்களாம்.

"ஏம்மா கழுவுனீங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"எங்க வீட்லேருந்து வர்ற சாமான், அழுக்கா இருந்தா ஆபீஸ்ல கையால தொடுவாங்களாம்மா?"

நானும் அப்படி ஒரு தெருவில் பிறந்தவள்தான். எங்கள் வீட்டிலும் கழுவித்தான் கொடுத்திருப்பார்கள்.

களைக்கொல்லி எதுவும் காணப்படவில்லை என்று எழுதித் தருவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று மெதுவாகச் சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நெலம் என் கையாலயா போச்சு?"

இல்லைம்மா, உங்கள் கையால் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பவில்லை.